டெபோரா அம்மாளின் தோளில் உட்கார்ந்த தத்துப்பூச்சி

பீர்க்கன்கரணை,
ஞாயிறு மாலை

மரியாதைக்குரிய மச்சான் வேதசிரோமணி அவர்களுக்கு,

தாவீது எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மாடியிலுள்ள வெண்டைச் செடிகளும் சுகம். உங்கள் தங்கை ரத்தினபாய் நேற்றிலிருந்து என்னோடு பேசாததால் அவள் சுகத்தை விசாரித்து எழுத முடியவில்லை. ஆனால் பாத்திரங்களைக் கீழே வைக்கிற சத்தத்தை வைத்துப் பார்த்தால் உடம்பில் நல்ல தெம்பு இருக்கிறது. பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காவும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். தாங்கள் பார்த்துச் சொன்ன பொத்தேரி கல்லூரி விரிவுரையாளர் ஆல்வின், நம் ஹெப்சியைப் பெண் பார்க்க நேற்று பெற்றோருடன் வந்தார் அல்லவா, இங்கே நடந்ததைத் தங்கள் தங்கை ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நடந்தது வேறு மாதிரி.

முதலில் ஒன்று. நான் விளையாட்டுக்காகப் பூச்சி பார்ப்பவன் அல்ல. வெண்டை இலையெல்லாம் ஓரம் மடங்கி மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பெருங்களத்தூரில் செடி விற்கிற தனத்திடம் ஒரு இலையைக் காட்டினேன். "தத்துப்பூச்சி கீது சார். மருந்து அடி, பூடும்" என்றாள். "எந்தத் தத்துப்பூச்சிம்மா?" என்றேன். "இன்னா சார் பேஜார் பண்ற? பச்சையா கீதே, அதான்!" என்றாள். தபால் துறையில் காலமெல்லாம் கடிதம் பிரித்தவன் நான். 'தமிழ்நாடு' என்று மட்டும் விலாசம் எழுதிய உறையைக் கையில் கொடுத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று தாங்களே யோசியுங்கள். அன்றே ஒரு லென்ஸ் வாங்கினேன். பின்னங்கால் நெடுக சீப்புப் பல் மாதிரி முள் வரிசை இருந்தால்தான் அது தத்துப்பூச்சி. இறக்கைக்கு ஒன்றாக நுனிப்பக்கம் கறுப்புப் புள்ளி இருந்தால் அது வெண்டையில் வருவது. ஏரிக்கரைப் புல்லில் இருக்கிற பச்சை ஜாதி வேறு, அதில் ஆணுக்கு மட்டும் இறக்கை நுனியே கறுப்பாயிருக்கும். அதிலேயே உச்சந்தலையில் கறுப்புப் பட்டை உள்ளது ஒன்று, இல்லாதது இன்னொன்று. இவ்வளவுதான் மச்சான் விஷயம், இதற்குப் போய் உங்கள் தங்கை எனக்குப் பைத்தியம் என்கிறாள்.

நேற்று அவர்கள் வருவதற்கு முன்பே ரத்தினபாய் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "பூச்சிங்கற வார்த்தை இன்னிக்கி உங்க வாயில வரக்கூடாது" என்றாள். ஒப்புக்கொண்டேன். ஆல்வினின் அம்மா டெபோரா, சந்தன நிறப் பட்டுப்புடவையில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அந்த இடத்தில் நான் உட்காரச் சொல்லவில்லை. மழை பெய்து விட்டிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலை நான் திறக்கவில்லை. கேசரி சாப்பிட்டதும் ஆல்வினின் அப்பா, "ஜெபிக்கலாமா?" என்று எழுந்தார். நல்ல மனிதர், ஆனால் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தார். எகிப்தின் வாதைகளுக்கு அவர் வந்து சேர்ந்தபோது எனக்குக் கழுத்து வலித்ததால் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். டெபோரா அம்மாளின் இடது தோளில், பச்சையாக ஒன்று, நண்டு மாதிரி குறுக்கே நடந்துகொண்டிருந்தது. இறக்கை நுனி கறுப்பு. ஆண்!

தலைப் பட்டை மட்டும் தெரியவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், யாருக்கும் தொந்தரவில்லை என்றுதான் லென்ஸோடு மெதுவாக நகர்ந்தேன். செங்கடல் பிளக்கிற நேரம் நான் கிட்டத்தட்ட போய்ச் சேர்ந்துவிட்டேன். பட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும்போது பார்த்து அந்த மனிதர் திடீரென்று "ஆமென்" சொல்லிவிட்டார்.

டெபோரா அம்மாள் கண்ணைத் திறந்தார். லென்ஸ் வழியாக என் கண் அவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை, அது உண்மை.

"ஐயோ! என்னங்க இது?" என்று கத்தினார்.

"அசையாதீங்கம்மா, ஆண்!" என்றேன்.

பூச்சி என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று உங்கள் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே! அதனால் வந்த குழப்பம்தான் இது. அவர் துள்ளி எழுந்ததில் அது ஆல்வினின் சட்டைக் காலரில் போய் உட்கார்ந்தது. எந்த மாப்பிள்ளை முன்னாலும் வாய் திறக்காத ஹெப்சி, காலி காபி டம்ளரைக் கவிழ்த்து ஒரே அமுக்கில் அதைப் பிடித்தாள். என் மகள்! ஆல்வினும் நல்ல பையனாக, "அங்கிள், இது இந்த ஜாதின்னு எப்படிக் கரெக்டா சொல்லுவீங்க?" என்று கேட்டார். மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? "தலையில பட்டை இருந்தா பாதி நிச்சயம் தம்பி. முழுசா நிச்சயம் பண்ணணும்னா ஆணோட பின்பக்கத்தை அறுத்து, உறுப்பைப் பார்க்கணும்" என்றேன். அவருடைய அப்பாவுக்குப் புரையேறியது. ரத்தினபாய் உள்ளே போய்விட்டாள். ஹெப்சி சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! இந்த நேரத்தில் சிரிப்பாளா ஒரு பெண்? பிறகு அவளும் ஆல்வினும் டம்ளருக்கு மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு வெகுநேரம் பட்டையைத் தேடினார்கள். பூச்சி எப்போதோ பறந்துபோய் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன், சரி, பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார் டெபோரா அம்மாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ரத்தினபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் மச்சான் லென்ஸைச் சட்டைப்பைக்குள் போட்டேன். ஹெப்சியோ சாப்பிடாமலே படுத்துக்கொண்டு போனையே பார்க்கிறாள், அதைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிறாள். அதிர்ச்சியாக இருக்கலாம் என்று பயமாயிருக்கிறது. எனவே தாங்கள் இந்த இடத்தை மறந்துவிட்டு வேறு வரன் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பையன் எந்த வேலையில் இருந்தாலும் பரவாயில்லை, அவன் அப்பா சுருக்கமாக ஜெபிப்பவராக இருக்கட்டும்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்கால் வலி குறையவும், கோபம் அதைவிடச் சீக்கிரம் குறையவும் ஆண்டவர் அருள் புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
தாவீது

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டெபோரா அம்மாள் ரத்தினபாய்க்கு போன் செய்தார். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று ஆல்வின் வீட்டில் சொல்லிவிட்டாராம். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம், வேறு வரனும் பார்க்க வேண்டாம். அவர்கள் தரப்பில் ஒரே நிபந்தனை: கல்யாணத்தன்று நான் பொதுவில் எதுவும் பேசக்கூடாது. சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். மண்டபம் பார்க்கும் பொறுப்பு தங்களுடையது. மழைக்காலத்தில், ஏரி ஓரமாக, விளக்கு நிறைய உள்ளதாகப் பாருங்கள்.