ட்ரவுட்டரும் மதகடிக் கொடுவாவும்

சுற்றிவரக் கடல். பிறந்தது தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த குடும்பம். காலையில் எழும்பினால் மீன் பிடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இத்தனையும் இருந்தும் வருடக்கணக்காக ஒரு மீன்குஞ்சைக்கூடப் பிடிக்காமல் இருக்க இந்த உலகத்தில் ஒரேயொரு மனிதரால்தான் முடிந்தது. அவரை எங்கள் தீவுப்பக்கத்தில் ட்ரவுட்டர் என்று சொல்வார்கள்.

ட்ரவுட் என்பது நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஆறுகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன். எங்கள் ஆள் இளந்தாரியாக இருந்தபோது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கிளாக்கராகப் போனார். தோட்டத்துத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குப் போய் ட்ரவுட் பிடிக்கிற பைத்தியம் இருந்தது. பை தூக்கிக்கொண்டு பின்னால் போன கிளாக்கருக்கு அந்தப் பைத்தியம் தொற்றியது. துரை சீமைக்குப் போனதும் சுகமாகியிருப்பார். கிளாக்கருக்குச் சுகமாகவே இல்லை.

புழு இல்லை, இறால் இல்லை, ஈயக்குண்டு இல்லை. சேவலின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றி ஒரு பொய் ஈ செய்ய வேண்டும். அதை நனையாமல் தண்ணீருக்கு மேலே மிதக்கவிட வேண்டும். மேலே ஒரு பூச்சி விழுந்து கிடக்கிறது என்று நம்பி மீன் வந்து கவ்வ வேண்டும். ஆற்றிலே, ட்ரவுட்டுக்கு, துரைமாருக்கு இது சரி. ட்ரவுட்டர் இதை வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதிப் பாதையில், கீழே மதகுகளால் கடல்நீர் ஓடுகிற இடத்தில் நின்று செய்தார்.

"இது கடல் அண்ணை," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"மேல கடல், கீழ கடல். நடுவில மதகுக்குள்ளால வத்தும் பெருக்கும் ஓடேக்கை ஆறு. ஓடுற தண்ணி எல்லாம் ஆறுதான் ஐசே."

நான் அப்போது வேலணையில் ஒரு சின்னக் கந்தோரில் எழுதுவினைஞர். வீடு புங்குடுதீவில். இடப்பெயர்வெல்லாம் முடிந்து, ஊருக்கு மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த வருடங்கள். எதற்கும் வரிசை, எதற்கும் பாஸ். கந்தோர் முடிந்து சைக்கிளில் வந்தால் தாம்போதித் தலைப்பில் ஆமிக் காவலரண். சிலநாள் உடனே விடுவார்கள், சிலநாள் பொழுதுபடும்வரை நிற்க வேண்டும். எதற்குக் கோபப்படுவது என்றே தெரியாத அளவுக்கு எல்லோரும் களைத்திருந்தோம். களைக்காத ஒரே ஆள் ட்ரவுட்டர்தான். அவரைப் பார்த்து எனக்கு இன்னும் களைத்தது.

அவருடைய தடி நாலு துண்டாகக் கழற்றி ஒரு நீளமான தகரக் குழாய்க்குள் இருக்கும். காவலரணில் அந்தக் குழாயைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் திறந்து காட்ட வேண்டும். திறந்து காட்டினதோடு அவர் விடமாட்டார். தோட்டத்தில் படித்த நல்ல சிங்களத்தில் ட்ரவுட்டின் பிறப்பு வளர்ப்பிலிருந்து தொடங்கி விளக்கம் சொல்லுவார். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போகும். காவலுக்கு நிற்கிற பையன் கடைசியில் கும்பிடாத குறையாக அனுப்பிவைப்பான். கொஞ்சக் காலத்தில் அவன் மாறிப்போய் வேறொருவன் வருவான். விளக்கம் திரும்பவும் முதலிலிருந்து.

எங்கள் முதல் அறிமுகம் இப்படி நடந்தது. பாதை திறக்காத ஒரு பின்னேரம் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று கிட்டப் போனேன்.

"உந்த வெள்ளைச் சட்டையைக் கழட்டும்," என்றார்.

"ஏன் அண்ணை?"

"மீன் பாக்குது. நிழலும் தண்ணியில விழப்படாது. முழங்காலில வாரும். ஓட்டத்துக்குப் பின்பக்கத்தால வாரும். மீன் எப்பவும் ஓட்டத்துக்கு எதிராத்தான் முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கும். முதுகுக்குப் பின்னால வாறவனைத் தெரியாது."

அரசாங்க உத்தியோகத்தனான நான், பெனியனோடு, நடுத்தாம்போதியில் முழங்காலில் தவழ்ந்து போனேன். வரிசையில் நின்றவர்களில் எங்கள் கந்தோருக்குப் பத்திரம் எடுக்க வருகிற இரண்டு பேரும் இருந்தார்கள்.

மூன்றாம் மதகின் நிழலில் ஒரு பெரிய கொடுவா மீன் நின்றது. ட்ரவுட்டரின் உலகம் முழுவதும் அந்தக் கொடுவாதான்.

"கொடுவாவுக்கு இறால் குத்திப் போட்டால் உடன எடுக்குமே அண்ணை?"

"இறாலோ! அது ஏமாத்து."

"அப்ப, கோழி இறகில ஈ செய்து போடுறது?"

"அது தந்திரம்," என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த ஈக்களுக்காக ஒரு சேவல் பட்ட பாடு தனிக்கதை. அவருடைய வீட்டில் நின்ற ஒரே சேவலுக்குக் கழுத்தில் இறகே கிடையாது. ட்ரவுட்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், குசினிக்குப் பின்னால் ஓடிப்போய் விறகுக்குள் தலையை வைத்துக்கொள்ளும். ஈ நனையாமல் மிதக்க மெழுகு பூச வேண்டும். சாமான் தட்டுப்பாடான காலம், மெழுகுதிரிக்கு எங்கே போவது? அந்தோனியார் கோயிலில் எரிந்து முடிந்த துண்டுகளைப் பொறுக்கி வருவார். கொடுவாவுக்கு விழுந்ததெல்லாம் மந்திரித்த ஈ என்று வீச்சுவலைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். அவர்களில் ஒருவர், "ஒருக்கா வீசி எடுத்துத் தரட்டோ?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார். அவருடைய வீட்டுக் கலியாணத்துக்கும் ட்ரவுட்டர் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொடுவா ஈயை எடுக்காமல் இருக்கவில்லை. நான் என் கண்ணால் எத்தனையோ தரம் கண்டேன். ஈ மிதந்து வரும். மதகின் நிழலில் தண்ணீர் கொஞ்சம் வீங்கும். பொளக்கென்று ஒரு சத்தம். ஈயைக் காணோம். யாராக இருந்தாலும் அந்த நேரம் தடியை ஒரு இழுப்பு இழுப்பார்கள். ட்ரவுட்டர் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லத் தொடங்குவார்.

"பெரிய மீன் ஆறுதலாத்தான் வாயை மூடும் ஐசே. அந்தரப்பட்டு இழுத்தால் ஈ வெளியால வந்திடும். மீன் எடுத்த உடன எங்கட துரை தன்ர ராணி நல்லா இருக்கவேணும் எண்டு ஒரு வசனம் சொல்லுவார். சொல்லி முடியத்தான் தடியைத் தூக்குவார். கணக்கா இருக்கும்."

"நீங்களும் அதையோ சொல்லுறனீங்கள்?"

"எனக்கும் அந்த ராணிக்கும் என்ன சம்பந்தம்? நான் மாதாவுக்குச் சொல்லுறன்."

அருள் நிறைந்த மரியே என்று தொடங்குகிற செபம். நான் திருநீறு பூசுகிற வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பின்னேரம் பின்னேரமாகக் கேட்டதில் எனக்கும் அது பாடமாகிவிட்டது. அதற்கு இரண்டு பாதி. முதற்பாதி மாதாவைப் புகழ்வது, மற்றப் பாதி எங்களுக்காக மன்றாடும்படி கேட்பது. முதற்பாதி முடிகிற இடத்தில் தடியைத் தூக்கினால் துரையின் வசனத்துக்குக் கணக்கு சரியாக வரும். ட்ரவுட்டர் ஆமென் வரைக்கும் போவார். அதற்குள் கொடுவா ஈயைக் கவ்வி, இது இறகு என்று கண்டுபிடித்து, துப்பிவிட்டு, மதகுக்குள் திரும்பிப் போய்விடும். ஆமென் சொல்லித் தடியைத் தூக்கினால் வெறும் ஈ பறந்து வந்து என் தலையில் கொளுவும்.

"அண்ணை, பாதியில தூக்குங்கோ. நான் பாத்துக்கொண்டுதானே நிக்கிறன்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

அவர் நூலைச் சுற்றி முடித்தார். பிறகு சொன்னார்: "ஊரை விட்டு ஓடின அண்டைக்கு வீட்டில செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள். செல் விழுந்து வெடிச்ச சத்தம் கேட்டு, செபத்தைப் பாதியில விட்டிட்டு எழும்பி ஓடினனாங்கள். பேந்து வாசற்படியை மிதிக்க எத்தினை வருசம் போச்சு? இனி நான் ஒரு செபத்தையும் பாதியில விடன்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அவருடைய மனைவி திரேசக்கா. தகப்பன் சுறா பிடித்து ஊரெல்லாம் பெயரெடுத்தவர். தோட்டத்துக் கிளாக்கர் என்று கட்டிக்கொடுத்தார்கள். "என்ர அப்பு கடலுக்குப் போனால் அம்மா உலை வைச்சுக்கொண்டு இருப்பா. இந்த மனுசன் போனால் நான் அடுப்பை நூத்துப்போட்டுப் படுக்கலாம்," என்பார். இது வெறும் நக்கலாக இருந்திருந்தால் பரவாயில்லை. அதற்குள் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. ஒருநாள் எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்.

"அகதியா ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில கிடக்கேக்கை நேர்ந்தனான் தம்பி. அந்தோனியாரே, எங்கட வீட்டை நான் திரும்பிக் காணவேணும், கண்டால் இந்த மனுசன் தன்ர கையால பிடிச்ச மீனை உம்மட திருநாளில ஏலத்துக்கு வைக்கிறன் எண்டு."

"ஏன் அக்கா உப்பிடி நேர்ந்தனீங்கள்? மெழுகுதிரி எண்டு நேர்ந்திருக்கலாமே."

"ஆத்திரத்தில நேர்ந்திட்டன். அண்டைக்கு அந்த விறாந்தையிலயும் இருந்து ஈ கட்டிக்கொண்டு இருந்தவர்."

வீடு கிடைத்துவிட்டது. கூரையில் பாதி இல்லை, ஆனாலும் வீடு வீடுதான். அந்தோனியார் தன் பங்கைச் செய்துவிட்டார். ஒவ்வொரு திருநாளுக்கும் மற்ற வீட்டுக்காரர் தங்கள் நேர்த்தி மீன்களைக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் வைப்பார்கள். திரேசக்கா வெறுங்கையோடு போய்த் தலையைக் குனிந்துகொண்டு வருவார். சந்தையில் வாங்கி வைத்தாலும் போதும் என்று சுவாமியார் சொல்லிப் பார்த்தார். "இவர் கையால எண்டு நேர்ந்தனான் பாதர். அந்தோனியார் மீனுக்கே பிரசங்கம் வைச்சவர், அவருக்குச் சந்தை மீன் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டார். ஒரு வீச்சுவலையை எடுங்கோ என்று கணவரிடம் அழுதும் பார்த்தார். "அந்தோனியாருக்குக் குடுக்கிற மீனை முறையாப் பிடிக்கவேணும்," என்பார் ட்ரவுட்டர். அவர் இதைப் பிடிவாதத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார், அதுதான் வினை.

பிறகு திரேசக்காவுக்கு இருதயத்தில் வருத்தம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதும். கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு இளைக்கும். அடுத்த திருநாள் வந்தபோது, "இந்த முறையும் இல்லையெண்டால் நான் நேரில போய்த்தான் அந்தோனியாருக்கு நியாயம் சொல்லவேணும்," என்றார் என்னிடம். அன்றைக்குத்தான் ட்ரவுட்டர் களைத்துப்போனதை முதல்முறையாகக் கண்டேன்.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் திரேசக்கா தானும் தாம்போதிக்கு வருவேன் என்று நின்றார். சொன்னால் கேட்கிற ஆளா? லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷினின் பெட்டியில் ஒரு கதிரையை வைத்து, அவரை அதில் இருத்தி, மெல்ல மெல்லக் கொண்டுவந்தோம். காவலரணில் நின்ற பையன் ட்ரவுட்டரின் விளக்கத்தை முழுக்கக் கேட்டு முடித்தவன். கதிரையை இறக்க அவனும் ஒரு கை பிடித்தான்.

ட்ரவுட்டர் திரும்பிப் பார்த்துத் தலையில் கையை வைத்தார். "இஞ்சரப்பா, வெள்ளைச் சீலையோ!"

"கோயில் சீலை. அந்தோனியாற்ற அலுவலுக்கு வந்தனான், வேற எதைக் கட்டிறது?"

காவற்பையன் தன் பச்சை மழைக்கோட்டைக் கொண்டுவந்து திரேசக்காவைப் போர்த்தான். பிறகு என்னைப் பார்த்து, குனி என்று கையைக் காட்டினான். குனிந்தேன்.

கடல் வற்றுகிற நேரம், வத்துத் தண்ணீர் மூன்றாம் மதகால் ஓடத் தொடங்கியது. ட்ரவுட்டர் முழங்காலில் நின்று வீசினார். ஈ, தண்ணீரில் விழுந்த சத்தமே இல்லாமல் விழுந்து, நூல் இழுக்காமல், தன் பாட்டில் மிதந்து வந்தது. நிழலில் தண்ணீர் வீங்கியது. பொளக்!

ட்ரவுட்டர் கண்ணை மூடினார். "அருள் நிறைந்த மரியே..." முதற்பாதியை அவசரமில்லாமல் சொல்லி முடித்து மூச்செடுத்தார். அந்த இடத்தில், கதிரையிலிருந்து, இளைத்து இளைத்து, திரேசக்கா மற்றப் பாதியை எடுத்தார்.

அவர் திட்டமிட்டு ஒன்றும் செய்யவில்லை. கத்தோலிக்க வீடுகளில் பொழுதுபட்டால் செபமாலை அப்படித்தான் நடக்கும். ஒருவர் முதற்பாதியைச் சொன்னால் மற்றவர் மிச்சத்தைச் சொல்லுவார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இவர் விட்ட இடத்தில் எடுத்துப் பழகின வாய், தானாக எடுத்தது. ட்ரவுட்டருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. வாய் சும்மா இருந்தது. கை தூக்கியது.

தடி வில்லாக வளைந்தது. பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் ஏலாது. கொடுவா மதகுக்குள் ஓடியது, ட்ரவுட்டர் உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினார், பையன் சிங்களத்தில் கத்தினான், நான் தமிழில் கத்தினேன், வரிசையில் நின்ற சனம் முழுக்கத் தாம்போதி விளிம்புக்கு வந்துவிட்டது. திரேசக்கா ஒருத்தர்தான் கத்தவில்லை. இந்தச் சந்தடிக்குள்ளும் அவர் ஆமென் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான், "நூலை விடுங்கோ மனுசன், அறுக்கப்போகுது!" என்றார். சுறாக்காரரின் மகள் அல்லவா.

அடுத்த நாள் கோயில் முற்றத்தில் அந்த மீனை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். திரேசக்கா பக்கத்தில் கதிரையில் இருந்து, ஏலம் முடியும்வரை தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாரிக்குள் அவர் போய்ச் சேர்ந்தார்.

ட்ரவுட்டர் இனி மீன்பிடிக்க வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்சக் காலம் வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கந்தோர் முடிந்து வரும்போது அதே குழாயோடு அதே மதகில் நின்றார். சேவலுக்குக் கழுத்தில் இறகு முளைத்திருந்த நேரம். நான் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்காலில் போனேன். நிழலில் வேறொரு மீன் வந்து குடியேறியிருந்தது. ஈ மிதந்து வந்தது, தண்ணீர் வீங்கியது, பொளக்கென்றது.

அவர் முதற்பாதியைச் சொன்னார். மூச்செடுத்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. தடியையும் தூக்கவில்லை. காது கொடுத்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தாங்கவில்லை. எங்கள் கோயில் அம்மாளே மன்னிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மற்றப் பாதியை நான் சொன்னேன்.

அதற்குள் மீன் போய்விட்டது. ட்ரவுட்டர் நூலைச் சுற்றி முடித்து, கண்ணைத் துடைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கெதியாச் சொல்லுறீர் ஐசே. அவ ஆறுதலாத்தான் சொல்லுறவ."

நாளைக்கு ஆறுதலாகச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு, பாதை உடனே திறந்துவிட்ட நாட்களிலும் நான் நேரே வீட்டுக்குப் போனதில்லை.