தகரச் சத்தமும் பொன்னாடையும்

மைக்கைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதை என் மனைவி ஒக்லாந்து முழுக்கச் சொல்லி முடித்துவிட்டபடியால் இனி மறைத்துப் பயனில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒக்லாந்தின் ஒனிஹங்காப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மனைவி சாந்திக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. காலையில் வந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பாள். அவளுடைய அந்தப் பகல் நித்திரையில்தான் எங்கள் வீடே ஓடியது. (எனக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. வாய் மட்டும் நிரந்தரமாக இருந்தது.)

அந்த நேரம் பார்த்து நகரசபை எங்கள் தெருவின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை மாற்றப் புறப்பட்டது. பக்கத்துக் காலிக் காணியில் இனிப் பட்டறை போடலாமாம். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணைக்கு வந்து பேசலாமாம். விபத்தில் நெளிந்த கார்களைத் தட்டி நிமிர்த்தும் பேனல் பீட்டர் ஒருவர் அந்தக் காணிக்கு ஏற்கனவே விலை பேசிவிட்டதாகத் தெருவில் கதை.

"இஞ்சருங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்," என்றாள் சாந்தி. "என்ரை மனுசி பகலிலை நித்திரை கொள்ளுறவ, பக்கத்திலை தகரம் தட்டினா அவ வேலைக்குப் போகேலாது எண்டு சொல்லுங்கோ. அது மட்டும் காணும்."

"அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியும்," என்றேன்.

ஊரில் வாசிகசாலை ஆண்டு விழாக்களில் பேசிப் பேரெடுத்தவன் நான். நாலு பக்கத்துக்கு மனு எழுதினேன். ஆட்சேபனை கடைசிப் பந்தியில், வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. கீழே என் பெயரை மட்டும், பேச்சுக்காக ஊரில் தந்த பட்டத்தோடு போட்டேன். குடும்பத்தலைவன் கையெழுத்து வைத்தால் குடும்பமே வைத்ததாகத்தானே அர்த்தம்.

விசாரணை நாளில் சாந்தி இரவு வேலை முடிந்த கையோடு, சீருடையிலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள்.

தலைவருக்கு வணக்கம் சொன்னேன். இடப்பக்கத்து அம்மையாருக்கு, வலப்பக்கத்து ஐயாவுக்கு, குறிப்பெடுத்த பெண்ணுக்கு, தண்ணீர் வைத்தவருக்கும் சொன்னேன். அகதியாக வந்த எங்களை வாழவைக்கும் இந்த நாட்டைப் போற்றினேன். பிறகு பையிலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு தலைவரை நோக்கி நடந்தேன். (இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இது அன்பளிப்பா, வாங்கலாமா, வாங்கினால் எங்கே பதிவது என்று மூவரும் தலையைக் கூட்டி ஆராய்ந்தார்கள். என் பத்து நிமிடம் அந்தச் சரிகையிலேயே கரைந்தது.

"நேரம் முடிந்துவிட்டது," என்றார் தலைவர் மிகவும் கனிவாக. "ஒரே வரியில், இந்தத் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

இவ்வளவு மரியாதையாகக் கேட்கும் மனிதரின் முகத்துக்கு நேரே உங்கள் திட்டம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? "மிக நல்ல முயற்சி," என்று தொடங்கினேன். "ஆனால்" என்பதற்குள் அவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

சாந்தி எழுந்தாள். நான் இரவு வேலை செய்கிறேன், பகலில்தான் தூங்க முடியும் என்று தன் ஆங்கிலத்தில் நேராகச் சொன்னாள். தலைவர் மனுவைப் புரட்டினார். இதில் உங்கள் பெயர் இல்லை, அதனால் நீங்கள் பேச முடியாது, மன்னியுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது அவள் பஸ்ஸிலேயே நித்திரையாகிவிட்டாள். தீர்ப்பு தபாலில் வந்தது. என் பெயருக்கு எதிரே "சபையின் முயற்சியைப் பாராட்டினார்" என்று இருந்தது.

பட்டறை வந்தது. காலை எட்டுக்குத் தொடங்கும், டங், டங், டங். சாந்தி தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, "உங்கடை வணக்கம் கேக்குது," என்பாள். ஒரு வருடம் அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போய்வந்தாள். பிறகு கிளென்ஃபீல்டுக்கு வீடு மாறினோம்.

மகளின் கலியாணத்தில் என் கையில் மைக்கைத் தந்தார்கள். "மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களே, பெரியோர்களே," என்று ஆரம்பித்தேன். முன்மேசையிலிருந்து சத்தம் வந்தது. சாந்தி கரண்டியால் தம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தாள். டங், டங், டங். மணவறையில் இருந்த மகளும் சிரித்துக்கொண்டே, "டாட், பேனல் பீட்டர்," என்றாள்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்கோ," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"இப்பிடி ஒரு வரியிலை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள் சாந்தி.