மேல்வீட்டுச் சத்தத்தைக் கீழ்வீட்டில் அளந்தவர்

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் பொய் சொல்கிறார். என் சமையலறைக் கூரைப் பூச்சு உதிர்ந்ததற்கு எண்பதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட்டு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். எண்பதுக்கு இனி இந்தக் கட்டடத்துக்குள் அனுமதி இல்லையாம்.

நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் ஊசி போட்டவள். சுற்றி வளைத்துப் பேச வராது. ஸ்ரீரங்கத்திலும் சரி, பாலம் தாண்டி திருச்சியிலும் சரி, அடுத்த வீட்டுக்காரர் நிம்மதிக்காக முழங்கால் தேய்ந்த ஒரே மனிதர் எண்பதுதான்.

எண்பது என்பது வயது இல்லை. வயது ஐம்பது இருக்கும். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பழைய ஸ்கூட்டரில் வந்து, வீடுகளில் ஹோம் தியேட்டரைச் சரிசெய்து கொடுப்பவர். டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன ஸ்பீக்கர்களால் கனத்த சத்தத்தைத் தூக்க முடியாது. அதைத் தூக்க சப்வூஃபர் என்று ஒரு பெரிய பெட்டி. சின்னது எங்கே விட வேண்டும், பெரியது எங்கே பிடிக்க வேண்டும் என்ற எல்லைக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அந்த எல்லைக்கு ஒரு எண் உண்டு; அதற்குக் கீழே உள்ள சத்தம் பெரியதுக்கு, மேலே உள்ளது சின்னதுக்கு. "எண்பதுல ஆரம்பிப்போம்" என்று சொல்லிக்கொண்டேதான் எந்த வீட்டிலும் செருப்பைக் கழற்றுவார். அதுவே பெயராகிவிட்டது.

எனக்கு அவர் விளக்கியது இப்படி.

"புறப்பாட்டுல பெருமாளைத் தூக்கிட்டு வராங்கல்லக்கா, நடுவுல தோள் மாத்துறாங்க. பெருமாள் ஆடுறாரா? ஆடமாட்டாரு. யாரு விட்டா, யாரு வாங்குனான்னே நமக்குத் தெரியாது. அவ்வளவுதாங்க என் வேலை."

பெட்டியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க அவர் செய்யும் காரியத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. முதலில் பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவில் வைப்பார். பாட்டை ஓடவிட்டு, கூடம் முழுக்கத் தவழ்வார். எந்த மூலையில் சத்தம் சீராகக் கேட்கிறதோ, பெட்டி அங்கே போகும். உறையூரில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வீட்டில் இவர் தவழ, அந்த வீட்டு நாய் தன் சொந்தக்காரன் யாரோ வந்துவிட்டான் என்று கூடவே சுற்றியிருக்கிறது. கடைசியில் நாய் களைத்துப் போய் ஒரு மூலையில் படுத்தது. எண்பது பெட்டியை அங்கேயே வைத்துவிட்டார்.

"யோவ், நாய் படுத்த எடத்துலயா வைக்கிற?"

"அதுக்குக் காது என்னைவிட நல்லா இருக்குங்க சார்."

லால்குடியில் ஒரு விவசாயி, பெரிய பெட்டிதான் பெரிய வேலை பார்க்க வேண்டும் என்று எண்ணை உச்சத்துக்கு ஏற்றிவிட்டார். ஹீரோ டிவியில் வாயசைக்க, பேச்சு மட்டும் மூலையில் கிடந்த நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது. "எவன்டா அது மூட்டைக்குப் பின்னாடி?" என்று அவருடைய மாமனார் கம்பை எடுத்துவிட்டாராம். எண்பது போய் எண்ணை இறக்கி, ஹீரோவை டிவிக்குள் திருப்பி அனுப்பினார்.

என்னிடம் ஹோம் தியேட்டர் கிடையாது. ஆனால் என் தலைக்கு மேல் செயலாளர் குடியிருக்கிறார். அவர் பெட்டி வாங்கிய இரண்டாம் நாள், என் அலமாரியில் டம்ளர்கள் தானாக நடந்தன. சண்டை போட மாடி ஏறினேன். கதவைத் திறந்த ஆள் முழங்காலில் நின்றார்.

"கீழ்வீட்டு அக்காங்களா? உங்களைத்தாங்க பாக்கணும்னு இருந்தேன்."

அதுதான் அவர் வழக்கம். பக்கத்து வீடும் கீழ்வீடும் தலையாட்டாமல் வேலை முடிந்தது என்று சொல்ல மாட்டார். என் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டு மேலே செயலாளருக்குப் போன் போட்டார்.

"நூத்தம்பதை இறக்குங்க சார். எண்பதுல ஆரம்பிப்போம். அக்கா, டம்ளர் நின்னுச்சா?"

"டம்ளர் நின்னுடுச்சு. சொம்பு ஆடுது."

"சார், அக்கா வீட்டு சொம்பு ஆடுதாம். பெட்டியைச் செவுத்துலேர்ந்து ரெண்டு சாண் இழுங்க."

போனில் செயலாளர் கத்தியது எனக்கே கேட்டது. "பெட்டி வாங்குனது நானா, அவங்க சொம்பாய்யா?"

இரண்டு மணி நேரம் இந்தக் கூத்து. மேலே ஓடிப் போய்க் கேட்பார், கீழே ஓடி வருவார். எண்பதில் ஆரம்பித்தது தொண்ணூறில் நின்றது.

"மேல மேளம் நெஞ்சுல வந்து உக்காருதுக்கா. இங்க எப்படிங்க?"

"இங்க ஒண்ணும் கேக்கலையே."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் வாங்கும்போது சில அப்பன்கள் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் முதுகிலும் ஓர் எல்லைத் திருகு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் எல்லை போட்டபிறகு பெட்டியிலும் போடக்கூடாது என்பது எண்பதின் சட்டம். அதனால் அந்தத் திருகை முழுக்கத் திறந்துவைத்து, மேலே டேப் ஒட்டி, "தொடாதீங்க" என்று எழுதிவிட்டுப் போனார்.

செயலாளர் தொட்டார். டேப்பைக் கிழித்து அந்தத் திருகையும் குறைத்தார். ஒரே சத்தத்தை இரண்டு இடத்தில் வெட்டினால் என்ன மிஞ்சும்? மேளம் செத்துப்போனது. உடனே பெட்டியின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீரில் வருடக் கணக்காக ஊறிய என் கூரைப் பூச்சு, கொதிக்கிற சாம்பாரில் விழுந்தது. மாடிக்கு ஓடினேன். கிழிந்த டேப் சோபாவுக்கு அடியில் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"யாருங்க இதைத் திருகுனது?"

"உங்க எண்பது வச்ச லட்சணம்தான்மா இது!"

மறுநாள் அறிவிப்பு ஏறியது. அதைப் படம் பிடித்து மற்ற குடியிருப்புகளின் வாட்ஸ்அப்பிலும் போட்டார்கள். வரச் சொன்ன வீடெல்லாம் வேண்டாம் என்றது. எண்பது என்னைப் பார்க்க வந்தார். காவலர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். நான் இறங்கிப் போனேன்.

"பூச்சு தலையில விழலையேக்கா?"

"என் தலையை விடுய்யா. உன் பொழப்புல விழுந்திருக்கே, போய் நாலு வார்த்தை கேளேன்."

"சத்தம் போட்டா எனக்கு ஆகாதுக்கா" என்றார். சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக்கூட உதைக்காமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்.

இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சொந்தக்காரர் ஒருவரின் செல்போன் கடையில் போன் திரைகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறார். அங்கேயும் கை நிற்கவில்லை. வாசலில் அலறிய ஸ்பீக்கரைச் சரிசெய்துவிட்டு, ரோட்டைத் தாண்டி பூக்காரம்மாவிடம் போய், "இப்ப பேசுறது கேக்குதாங்க?" என்று விசாரித்திருக்கிறார். "கடைச் சத்தத்தைக் கொறைக்கவா உன்னை வச்சேன்?" என்று முதலாளி திட்டினாராம்.

செயலாளரே, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். டேப்பைக் கிழித்தது யார்? திருகைத் திருப்பியது யார்? அன்று எண்பதும் அங்கே உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்கு வரும் உறவினரைத் தடுக்க சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. காவலரின் நோட்டில் உறவு என்ற இடத்தில், என் கையால் 'தம்பி' என்று எழுதிவிட்டேன். அது பொய் என்று நினைப்பவரும் எழுந்து நின்று சொல்லட்டும்.