மச்சான் திறந்த கம்ப்யூட்டர்

இந்த வருஷச் சாரலில் ஒரு தடவையாவது தலை நனையக் குளித்துவிடுவது என்று நெல்லையப்பன் முடிவெடுத்தார்.

வீடு தென்காசியில். வாத்தியார் வேலை இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில். ஊர் உலகமெல்லாம் பஸ் பிடித்து வந்து குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இவருக்கோ, சீசனில் நனைந்ததெல்லாம் மூக்குக் கண்ணாடி மட்டும்தான்.

காரணம், மச்சான் மகாராஜா. மனைவி சங்கரேஸ்வரியின் அண்ணன். ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆனது உத்தியோகத்திலிருந்து, அதிகாரத்திலிருந்து அல்ல. சாரல் விழுந்ததும் மதுரையிலிருந்து மனைவி இராமலட்சுமியோடு வந்து இறங்கிவிடுவார். அருவிக்கரையில் வாட்ச், மோதிரம், சாவி, பர்ஸ், பனியன் எல்லாம் வரிசையாகக் கழன்று நெல்லையப்பன் கைக்கு வரும்.

"மாப்ள, களவாணிப் பய நடமாட்டம் ஜாஸ்தி. நகராம நில்லுங்க."

மச்சான் குளிப்பார். மாப்பிள்ளை, சுவரில் அடித்த கோட் ஸ்டாண்டு மாதிரி நிற்பார். மச்சானுக்குக் குளிர் எடுத்ததும் பெண்கள் பக்கம் திரும்பி ஒரு விசில் பறக்கும். "ஏட்டி சங்கரி, போதும், ஏறுங்க." அத்தோடு எல்லோருக்கும் குளியல் முடிந்தது. நெல்லையப்பனுக்கு ஆரம்பிக்காமலே முடிந்தது.

ஆகவே, திட்டம்.

மகள் ஸ்வர்ணா காலேஜில் சேர்ந்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று முன்னறையில் இருந்தது. அவள் படித்து முடித்து பெங்களூரில் மடிக்கணினியோடு குடியேறிவிட்டாள். இது இவரிடம் தங்கிவிட்டது. மச்சான் வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை சாயந்தரம், யாரும் பார்க்காதபோது, பெட்டியைத் திறந்து, ரேம் என்னும் மெமரி கார்டைப் பிடித்திருக்கும் கிளிப்பை மெல்ல நெகிழ்த்திவிட்டார். மறுநாள் கம்ப்யூட்டர் ஓடாது; போன வாரமே, சங்கரேஸ்வரி அடுக்களையில் இருந்தபோது, ஒரு தடவை நெகிழ்த்தி பீப் சத்தம் வரை சோதித்துப் பார்த்தாயிற்று. அதைச் சரிபண்ணி வினாத்தாள் அடிக்க வேண்டும் என்று இவர் வீட்டில் இருந்துவிடுவார். மற்றவர்கள் மெயின் அருவிக்குப் போனதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஐந்தருவி. தனியாக. கையில் யாருடைய பனியனும் இல்லாமல்.

வாத்தியார் பொய் சொல்லலாமா என்று அவருக்கு உறுத்தத்தான் செய்தது. வெகுநேரம் யோசித்தார். கிளிப்பை நெகிழ்த்தினால் கம்ப்யூட்டர் நிஜமாகவே ஓடாதே. ஓடாததை ஓடவில்லை என்று சொல்வது எப்படிப் பொய்யாகும்? மனச்சாட்சி திருப்தியாகி, திரும்பிப் படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை சுவிட்சைத் தட்டினார். பீப், பீப், பீப். திரை இருட்டு.

"என்னவாம்?" இட்லித் தட்டோடு சங்கரேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"ஓடல. திங்கக்கிழமை வினாத்தாள் குடுக்கணும். நான் எங்க வர? நீங்க போயிட்டு வாங்க."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். அதற்கு நாலு பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

"அதுவும் சரிதான். வேலைதான முக்கியம்," என்றாள் அவள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அண்ணே, இங்கன கொஞ்சம் வாங்க. இவுகளால கண்டுபிடிக்க முடியலையாம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர் காதில் போடக்கூடாத வார்த்தை அது. மகாராஜா சட்னிக் கையோடு வந்து நின்றார்.

"கடைசியா எப்ப ஓடிச்சு?"

"நேத்து சாயந்தரம்."

"கூட யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான்."

"ம்."

அடுத்த கேள்வி வருமுன் நெல்லையப்பன் குறுக்கே விழுந்தார். "மச்சான், உங்க குளியல் கெட்டுப் போயிரும். நீங்க போங்க."

"அருவி எங்கயும் ஓடிராது மாப்ள."

"பொம்பளைய ரெண்டு பேரும் தனியா எப்படி?"

"நாங்க போய்க்கிடுதோம்," என்றாள் சங்கரேஸ்வரி. "வாங்க மதினி." வாசலில் ஆட்டோ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதை எப்போது கூப்பிட்டாள் என்று யோசிக்க நெல்லையப்பனுக்கு அவகாசமில்லை. மச்சான் ஸ்குரூ டிரைவர் கேட்டுவிட்டார்.

பெட்டி திறந்த மறு நிமிஷமே குற்றம் வெளிப்பட்டது.

"மாப்ள, கிளிப்பு தொறந்து கெடக்கு."

"பல்லி கில்லி போயிருக்கும்."

"கிளிப்பைத் தொறக்கிற பல்லியா? எந்த ஊருப் பல்லி?"

நெல்லையப்பன் சீலிங் ஃபேனைப் பார்த்தார். மகாராஜா கார்டை உருவி, அழிரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து, திரும்பச் செருகினார். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. இனி மச்சான் அருவிக்குப் போவார், தாமும் தப்பிக்கலாம் என்று நெல்லையப்பனுக்கு ஒரு நப்பாசை.

"டிரைவரெல்லாம் பழசாக் கெடக்கு மாப்ள. விட்டுட்டுப் போனா மனசு கேக்காது."

"பழசா இருந்தாலும் ஓடுதே மச்சான்."

"ஓடுததெல்லாம் நல்லதுன்னு விட்டா நாட்டுல சட்டம் எதுக்கு?"

பிரிண்டர், ஒலி, நெட் என்று ஒவ்வொன்றையும் ஓட்டுகிற அந்த டிரைவர்களையெல்லாம் ஒரே தட்டில் புதுப்பிக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினார். ஒரே தட்டுத்தான். திரையில் எழுத்தெல்லாம் தேர்தல் போஸ்டர் அளவுக்கு வீங்கியது. ஒலி செத்தது. பிரிண்டர் யாரென்றே தெரியாது என்றது கம்ப்யூட்டர். கடைசியாக இன்டர்நெட்டும் போனது.

"நெட் டிரைவரை இறக்கணும்," என்றார் மகாராஜா.

"எதுல இறக்க?"

"நெட்லதான்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். பெண்களைக் கூட்டிப்போக ஒரு ஆட்டோ டிரைவர் காலையிலேயே வாசலில் வந்து நின்றான். இவர்களுக்கு வேண்டிய டிரைவர் ஊரிலேயே இல்லை.

மகாராஜா ரீஸ்டார்ட் கொடுத்தார். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அணைந்தன. மறுபடி சுற்றின. அணைந்தன. குற்றவாளியிடம் பேசுவதுபோல மச்சான் திரையருகே குனிந்தார். "உனக்கும் நேரம் இருக்கு, எனக்கும் நேரம் இருக்கு." எனக்குத்தான் இல்லை என்று நெல்லையப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது.

"சேஃப் மோடுல போவமா?" என்று இவரே கடைசியில் கேட்டார். இந்த வீட்டில் அப்படி ஒரு பாதுகாப்பான நிலை தமக்குத்தான் வாய்க்கவில்லை, இதற்காவது வாய்க்கட்டும். போனார்கள். பழைய நிலைக்கே திரும்பும் வசதி ஒன்று இருந்தது. எந்தத் தேதிக்குத் திரும்ப வேண்டும் என்று அது மரியாதையாகக் கேட்டது. நெல்லையப்பனுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒன்று நினைவில் வந்தது. பட்டியலில் அது இல்லை. போன மாதத்தைத் தட்டினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பழையபடி ஆனது. அதாவது, காலையில் கிளிப்பை மாட்டியபோது இருந்தபடி. இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டை மறந்திருந்தார்கள்.

அப்போதுதான் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஈரத்தலை, சிவந்த கண், கையில் மங்குஸ்தான் பை.

"மெயின் அருவியில கூட்டமா?" என்றார் நெல்லையப்பன்.

"அங்க யாரு போனா? ஐந்தருவிக்குல்லா போனோம். ஆளே இல்ல. ஆசை தீர நின்னோம்."

"ஒரு பய விசிலடிக்கல," என்றாள் இராமலட்சுமி. புருஷனைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நெல்லையப்பன் போட்ட திட்டத்தில் அவர்கள் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். ஆனால் மனிதன் தோற்பது ஒருநாள்தானே. கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது; ஒளிந்துகொள்ளத்தான் இனி இடமில்லை. நாளைக்கு எல்லோரோடும் போவது. மச்சான் வாட்சைக் கழற்றுமுன் தம் வாட்சைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு அருவிக்குள் பாய்வது.

"நாளைக்கு நாலு பேருமாப் போவோம்," என்று அறிவித்தார்.

"அதுக்கென்ன, போவோம்," என்றாள் சங்கரேஸ்வரி, மங்குஸ்தானை உரித்தபடி.

ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்து, துண்டைத் தோளில் போட்டு, நெல்லையப்பன் வாசலுக்கு வந்தார். கேட்டுக்கு உள்ளே எதிர்வீட்டு இசக்கி நின்றான். கைக்குழந்தை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்திருந்தான். பக்கத்தில் அவன் மச்சினன், தலையில் பிரிண்டர்.

"ஆன் பண்ணுனா பீப் சத்தந்தான் அண்ணாச்சி வருது. பிரிண்டருக்கு டிரைவர் வேற கேக்கு."

"கொண்டா, கொண்டா, உள்ள வை." மகாராஜா கைச் சட்டையை மடித்துவிட்டார். "மாப்ள, அந்த அழிரப்பரை எடுங்க."

தெருமுனையில் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு ஈரமில்லாத தலைகள் பின் கண்ணாடி வழியே தெரிந்தன.

"நாங்க ரிப்பேர் பாக்கோம்னு உனக்கு யாருலே சொன்னா?" என்றார் நெல்லையப்பன்.

"உங்க வீட்டு மதினிதான் அண்ணாச்சி. அவுக அண்ணன் வந்தா உங்க கம்ப்யூட்டர் கெட்டுப் போவுமாம், நீங்க ரெண்டு பேரும் வீட்டுலதான் கெடப்பீங்களாம், ஞாயித்துக்கிழமை கொண்டாந்துருன்னு போன வாரமே சொல்லிட்டாவளே."