ஏலக்காரம்மாவும் தூங்கிப்போன நரம்பும்

மயங்கி விழுந்துகொண்டே வியாபாரம் பேசக்கூடியவர் இந்தக் கடற்கரையில் ஒருவர்தான்: கோவளம் கரையில் மீன் ஏலம் விடும் ஏலக்காரம்மா. அவர் குரல் கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் வரை கேட்கிறது என்று என் மனைவி சத்தியமே செய்வாள்.

ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றுதான் ஏலம் விடுவார். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும் வரை ராணி. எழுந்து நின்றால் கண் இருட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வஞ்சிரம் ஆயிரத்து எரநூறு..." என்றபடியே சரிந்து ஒரு வியாபாரியின் மடியில் விழுந்தார். தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறந்ததும், "ஆயிரத்து முந்நூறு! இன்னாய்யா, வாயப் பாத்துகினு கீறீங்க?" என்றார். மயங்கிய நேரத்தில் நூறு ரூபாய் ஏற்றியிருந்தார்.

ரத்தம் குறைவு என்றார்கள். முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை, எல்லாம் உள்ளே போயின. ரத்தம் ஏறவில்லை, எடை ஏறியது.

"ஒக்காந்து ஏலம் போடும்மா," என்று கெஞ்சினான், லோடு வண்டி ஓட்டும் மகன்.

"ஒக்காந்தா கொரலு எப்புட்றா எழும்பும்?"

கடைசியில் ஒரு நாள் விழுந்ததில் நெற்றியில் தையல் போட்டார்கள். அதன் பிறகுதான், வாரம் தவறாமல் அவரிடம் மீன் வாங்கும் என் காரில் ஏறச் சம்மதித்தார். செங்கல்பட்டில் ஓர் இளம் டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். நின்றதும் சரசரவென்று இறங்கியது.

"எலும்பு மஜ்ஜைலதான் சிவப்பணு உண்டாகுதும்மா. உண்டாக்கச் சொல்லி ஹார்மோன் அனுப்புறது சிறுநீரகம். அதத் தூண்டிவிடறதுல நரம்புக்கும் பங்கு இருக்கு. உங்க சர்க்கரை வியாதி அந்த நரம்பக் கெடுத்திருக்கு, அதான் ரத்தம் ஊறல. நிக்கும்போது பிரஷர் எறங்காமப் பாத்துக்கறதும் அந்த மாதிரி நரம்புங்கதான்."

ஏலக்காரம்மா யோசித்தார். "அப்போ சரக்கு கீது, ஆளும் கீது, கூவுறவதான் தூங்கிட்டா. அந்த நரம்ப எழுப்ப முடியாதா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நரம்பு பழையபடி ஆகறது கஷ்டம். அந்த ஹார்மோனையே ஊசியாப் போடலாம்."

"போடு."

திரும்பும் வழியில் நெற்றித் தையலைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "பொட்டி மேல ஏற முடியுமா நைனா?" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சன்னமாகி நான் கேட்டதில்லை.

"ஏறலாம்க்கா," என்றேன். எனக்கென்ன தெரியும்?

ஊசி, சர்க்கரைக்குப் பத்தியம், தொடை வரை இறுக்கும் காலுறை. கொளுத்தும் வெயிலில், மணலில் அந்தக் காலுறையோடு நடந்தார். சிரித்தவனுக்கு அன்று மீன் இல்லை. வீட்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நிற்கப் பழகினார். தலை சுற்றினால் உட்கார்ந்து, கடலையே திட்டிவிட்டு, மறுபடி எழுந்தார்.

மாதங்கள் போயின. ரத்தம் மெல்ல ஏறியது. ஒரு நாள் மகனின் கையைத் தட்டிவிட்டுப் பெட்டி மேல் ஏறினார். கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஆடவில்லை. அவர் சொன்ன விலையைக் கேட்டு நாங்கள்தான் ஆடிப்போனோம்.

ஊசிக்காக அவர் செங்கல்பட்டு போகும் நாட்களில் வேறொருவர் ஏலம் விடுகிறார். விலையும் மலிவு. நான் சும்மா அலையைப் பார்த்துவிட்டு, வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.