மூடி போட்ட பேய்கள்

மூடி ஐயாவின் வீட்டு வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையில் திரும்பி நின்றது. அத்தனை பேரும் தலைவலிக்காரப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். பிள்ளையின் தலைக்குள் பேய் உட்கார்ந்து குடைகிறதாம். ஐயா அதைக் காது வழியாக இழுத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து மூடியைத் திருகிவிடுவாராம். அப்படிப் பிடிபட்ட ஒரு பேய் கொட்டாவி விட்டதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக வரிசையின் முன்னால் நின்ற ஒரு வங்கி அதிகாரி சொன்னார். படித்தவர் சொன்னால் பொய்யாகுமா!

வரிசையில் தையல்காரியும் அவள் மகளும் நின்றார்கள். மகளுக்கு ஒற்றைத் தலைவலி. வலி வந்தால் வாந்தி. வராத நாளில், வந்துவிடுமோ என்ற பயம். பள்ளிப் பையைப் பார்த்தாலே அழுகை. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: "இந்த வலி இருக்குற பிள்ளைங்க சிலருக்குப் பதற்றமும் சோர்வும் சேர்ந்து வரும்மா. மாத்திரை கொடுங்க. மனநல டாக்டரையும் பாருங்க."

'மனநல' என்றதுமே மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவள்தான் தையல்காரி. பேய் பிடித்த பெண் என்றால் அக்கம்பக்கம் உச்சுக்கொட்டும். மனநல டாக்டரைப் பார்த்த பெண் என்றால் கதவைச் சாத்தும். ஆகவே பேயே கௌரவம்.

போன வாரம் ஐயா பேயைப் பிடித்தார். "மாத்திரையை நிறுத்து. அதைத் தின்னுதான் பேய் கொழுக்குது" என்றும் சொன்னார். நிறுத்தினாள். வலி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. படுத்தால் மகளுக்குத் தூக்கமில்லை. "அம்மா, இன்னும் உள்ளதான் இருக்கா?" என்று தலையைத் தடவித் தடவிக் கேட்டாள்.

"அவரு பிடிச்ச அன்னிக்கு வலி குறைஞ்சுதேடி" என்றாள் தையல்காரி, கூட வந்த தங்கையிடம். தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்; யாரையும் நம்பாத தொழில்.

"இருட்டு ரூம்ல, சத்தமில்லாம, கண்ணை மூடிப் படுக்க வச்சா குறையத்தான் செய்யும்க்கா. அதுக்குப் புட்டி எதுக்கு?"

உள்ளே அலமாரி முழுக்கப் புட்டிகள். எதிலும் பெயரில்லை.

"எது யாரோடதுன்னு எப்படிங்க தெரியும்?" என்றாள் தங்கை.

"மூடியைக் காதுல வச்சா போதும். வயசு, பேரு, குணம் எல்லாம் அதுவே சொல்லிடும்."

"ஒண்ணு எடுத்துத் தரட்டுங்களா?"

ஐயா கம்பீரமாகத் தலையாட்டினார். தங்கை அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு புட்டியோடு வந்தாள். ஐயா காதில் வைத்தார். முகம் சுளித்தார்.

"ஆறு வயசுப் பையனோட பேய். பயங்கர முரடு. கணக்கு வாத்தியாரைக் கண்டா கடிக்கும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தையல்காரி மட்டும் எட்டிப் பார்த்தாள். மூடியில் அவள் கத்தரிக்கோல் பட்ட கீறல்.

"ஐயா, அது என் பட்டன் புட்டி!"

"என்னம்மா உளர்ற?"

"காலைல வரைக்கும் அதுல சட்டைப் பட்டன்தாங்க இருந்துச்சு!" தங்கையைப் பார்த்தாள். தங்கை கைப்பையைத் தட்டினாள். பட்டன்கள் குலுங்கின.

"வர்ற வழியில பேய் புகுந்திருக்கும்" என்றார் ஐயா.

"பையில இன்னும் ரெண்டு காலிப் புட்டி இருக்கு. அதுல யாரு புகுந்திருக்கான்னு சொல்லுங்க" என்றாள் தங்கை.

ஐயா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு முடியாது. தலை வலிக்குது."

"அப்போ உங்க பேயையும் புட்டியில போடுங்க!" என்றாள் மகள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

தையல்காரி அலமாரியிலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது. வங்கி அதிகாரி மேசைக்கு அடியில் போனார். பழைய ஜாம் வாசனை மட்டும் வந்தது. ஐயா பின்வாசல் வழியாகப் போனார், பேய்களைவிட வேகம்.

"அப்போ என் தலைக்குள்ள யாருமே இல்லையாம்மா?"

"யாரும் இல்லடி. வலி இருக்கு, பயம் இருக்கு. ரெண்டுக்குமே டாக்டர் இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்துனா சாத்திக்கட்டும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மகள் அம்மாவின் மடியில் தலை வைத்து, ஆட்டோவிலேயே தூங்கிப்போனாள்.

வங்கி அதிகாரி மேசைக்கு அடியிலிருந்து கேட்டாராம்: "எல்லாப் பேயும் போயிடுச்சா?" மற்ற பேய்கள் போய்விட்டன, அதிகாரியாரே. உம்முடையது, 'இது நிஜம்தானா?' என்று நீர் கேட்டால்தான் போகும். அதை இத்தனை வருடமாக நீர் கேட்கவில்லை.