பேச்சியம்மாவின் பிரைவேட் நம்பர்

பயந்தாங்கொள்ளிகளில் நான் முதல் வரிசை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவனை ராஜபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டராகப் போட்டார்கள். (யார் செய்த பாவமோ!)

ரயில் வருமுன் லெவல் கிராசிங்குக்குப் போன் செய்ய வேண்டும். கேட் கீப்பர் பேச்சியம்மா கேட்டை அடைத்துவிட்டு, தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து இரண்டு இலக்க எண் ஒன்றைச் சொல்வார். அதற்குப் பெயர் பிரைவேட் நம்பர். அதை எழுதிக்கொண்ட பிறகுதான் நான் சிக்னல் கொடுக்கலாம். ஒருமுறை சொன்ன எண் மறுபடி செல்லாது.

ஒருநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் முறுக்கு மீசைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவர், எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை வேலை பார்க்கிற லட்சணத்தைப் பார்க்க வந்திருக்கிறார். போட்டோவைப் பார்த்த நாள் முதல் அந்தப் பெண்ணைத் தவிர வேறு நினைப்பே எனக்கில்லை.

செங்கோட்டை வண்டி வரும் நேரம். போனை எடுத்தேன்.

"பேச்சியம்மா, பிரைவேட் நம்பர் குடுங்க."

"செத்த இருங்க சார், கரும்பு டிராக்டர் ஒண்ணு நடுவுல நிக்குது."

தூரத்தில் வண்டி ஹாரன் அடித்தது. போனில் கத்தினேன். "சீக்கிரம்மா! உங்க நம்பர் கெடைச்சாத்தான் எனக்கு உயிரே வரும்!"

மீசை நிமிர்ந்தது. (அவருக்குக் கேட்டது என் பேச்சு மட்டும்தானே!)

"அடைச்சாச்சு சார். முப்பத்தாறு."

"ஐயோ, அது காலையிலேயே குடுத்ததுல்லா? பழசு வேண்டாம், புதுசா குடுங்க!"

மீசை ஜன்னலுக்கே வந்துவிட்டது. "ஏலே, யாருலே அவ?"

புத்தியுள்ளவன் விளக்கியிருப்பான். நான் சொன்னது: "செத்த இருங்க சார், அவிய நம்பர் குடுத்துரட்டும், பொறவு பேசுவோம்."

புது நம்பர் வந்தது. சிக்னல் கொடுத்தேன். வண்டி வந்து, நின்று, போனது. பெஞ்சு காலி. கல்யாணம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அழுகையே வந்துவிட்டது.

பேச்சியம்மா யார் என்று வெளியே விசாரித்து, மனிதர் நேரே கேட்டுக்கே போயிருக்கிறார், 'அவளை' நாலு கேள்வி கேட்க. அங்கே இருந்தது ஐம்பது வயதுப் பேச்சியம்மா. "அந்த சாரா? நம்பர் வாங்காம சிக்னல் குடுக்க மாட்டாக. எங்கிட்ட திருப்பித் திருப்பிக் கேப்பாக. அம்புட்டுப் பயம்!" என்றாராம்.

ஒரு மணி நேரம் கழித்து, வெயிலில் நடந்து சிவந்த முகத்தோடு மீசை ஜன்னலில் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"பயப்படுதவனுக்குத்தான் பொண்ணக் குடுக்கணும். தை மாசம் வச்சுக்கிடுவோம்."

இன்றும் சேத்தூரில் மாமனார் வீட்டுக் கதவைத் தட்டினால், "நம்பர் என்ன மாப்ள?" என்றுதான் உள்ளேயிருந்து குரல் வரும். போன தீபாவளிக்குக் கையில் பையோடு நின்று, "பன்னெண்டு" என்றேன்.

"அது பொங்கலுக்கே சொன்னதுல்லா? புதுசா சொல்லுங்க" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.